கதேரா

பத்தே காலுக்கு வருவதாகச் சொன்ன வாகனம் பதினொன்றாகியும் வரவில்லை.

ரிப்கா படகுத்துறை ஜெற்றியின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். வழி முழுக்க நின்றுகொண்டு வந்ததில் முழங்கால் உளைந்தது. பிரியங்கினி பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு வீடு லிங்கநகரில். ஆனால் வீட்டிலிருந்து வரவில்லை. உப்புவெளி ஹோட்டலில் வேலை முடித்து, வரவேற்பு மேசையின் நீலச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். கமராப் பை மடியில் கிடந்தது. அதன் மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள். பிறகு திறந்தாள்.

மா ஆலைக்கு வந்த கப்பல் மூன்று நாளாக ஒரே இடத்தில் நின்றது. வீதியின் மறுபக்கம் மான் ஒன்று அட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தை ஒன்றாகப் படித்தவர்கள். ஸ்பானிய மொழியும் சினிமாவும். நான்கு வருடப் படிப்பு. தொற்றுநோய், வேலைநிறுத்தம், பெற்றோல் இல்லாத வருடம் என்று அது ஏழு வருடமானது. தொடங்கும்போது பதினான்கு பேர். முடிக்கும்போது ஐந்து பேர். அதில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர் மட்டும்.

காலையில் வினைச்சொற்கள். பிற்பகலில் படம். ஒவ்வொரு படத்தையும் மூன்று தரம் பார்க்க வேண்டும். முதலில் ஒலி இல்லாமல், பிறகு எழுத்து இல்லாமல், பிறகு எல்லாவற்றோடும். இரண்டாம் தரத்தில் ரிப்கா கண்ணை மூடிக்கொள்வாள். ஒருத்தி பார்த்தாள், ஒருத்தி கேட்டாள். வெளியே வந்ததும் பார்த்தவள் கேட்டவளுக்குச் சொல்வாள், கேட்டவள் பார்த்தவளுக்குச் சொல்வாள். இப்படித்தான் பட்டம் பெற்றார்கள்.

இறுதி வருடத்தில் ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு நிமிடம். பேச்சு தமிழில், திரையின் அடியில் ஓடும் எழுத்து ஸ்பானிய மொழியில். பிரியங்கினி கமரா. ரிப்கா எழுத்து. ஜெற்றிக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் குணேஸ்வரியை எடுத்தார்கள். கட்டைபறிச்சானில் பிறந்தவள், ஐம்பத்தைந்து வயது. புருஷன் மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்சில் வேலை செய்தவர். பாலங்கள் வந்த பிறகு லோஞ்சுக்கு ஆள் இல்லை. அவர் கட்டாருக்குப் போனார். முதல் வருடம் பேசினார். பிறகு பேசவில்லை. படத்தில் குணேஸ்வரி தேத்தண்ணி ஆற்றுவாள், தண்ணீர்க் குடம் தூக்குவாள், கதைப்பாள். அவ்வளவுதான் படம்.

அந்தப் படம் தெரிவாகியிருந்தது. ஸ்பெயினில் ஒரு பல்கலைக்கழகம் இருவரையும் சேர்த்து இரண்டு வருட மேற்படிப்புக்கு எடுக்க இருந்தது. முழுச் செலவும் பல்கலைக்கழகத்துடையது. இரண்டு விஷயம் மட்டும் மிச்சம் இருந்தது. ஒன்று, படத்தில் வரும் பெண்ணோடு ஒரு சிறு நேர்காணல். அதற்காகத்தான் அவர்களுடைய விரிவுரையாளர் இனெஸ் இன்று கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். மற்றது ஒரு தாள். திரையில் ஓடும் எழுத்து பேசப்பட்ட தமிழுக்கு உண்மையானது என்று அதில் எழுதியிருந்தது. மாணவிகளும் விரிவுரையாளரும் கையெழுத்து வைத்துத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இன்று சனிக்கிழமை.

ரிப்காவின் உம்மா பரீதா படிப்பு எப்போது முடியும் என்று கேட்பதை நாலாம் வருடத்தோடு விட்டிருந்தாள். ஸ்பெயினிலிருந்து கடிதம் வந்ததும் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி வைத்தாள். அதை மூதூரில் எங்கே தேடிப் பிடித்தாள் என்று சொல்லவில்லை.

ரிப்கா ஒன்பது நாளாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள். வாகனம் பிந்தியதால் அதைச் சொல்ல நேரம் கிடைத்துவிட்டது.

"எழுத்தில ஒரு பிழை இருக்கு" என்றாள்.

பிரியங்கினி திரும்பவில்லை. எழுத்துப் பிழை இல்லாத படம் எது என்றாள்.

"எழுத்துப் பிழை இல்ல. சொல்லே பிழை. கதிரை."

படத்தின் ஆறாவது நிமிடம். குணேஸ்வரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்: "போகேக்க கதிரையையும் உடைச்சுப்போட்டுத்தான் போனவர். நான் அதைக் கயிறு போட்டுக் கட்டி வைச்சிருக்கிறன். எறிய மனமில்ல." நாலு கால் உள்ள, உட்காரும் கதிரை. அது கடையின் பின்னால் கிடந்தது. பிரியங்கினி அதை எடுக்கவில்லை. முகமே போதும் என்று அப்போது இருவரும் நினைத்தார்கள்.

முதலாம் வருடத்தில் இனெஸ் வகுப்பைப் பார்த்து, உங்கள் வீட்டில் உள்ள பொருட்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் சிங்களத்தில் சொன்னார்கள். ரிப்கா மேசை என்றாள். இனெஸ் நிமிர்ந்து பார்த்தார். ஸ்பானிய மொழியிலும் மேசைதான். குசினி, அலுமாரி, சப்பாத்து, பாண். எல்லாம் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் மாறி அங்கேயும் இருந்தன. இங்கே கோட்டை கட்ட வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். அவர்களுடைய மொழியும் ஸ்பானிய மொழியும் பக்கத்து வீடுகள் மாதிரி. ஜன்னல் மட்டும் ஏமாற்றியது. ஸ்பானிய மொழியில் அதற்கு வேறு சொல். ரிப்கா அந்தக் குசினி வழியாகத்தான் மொழிக்குள் நுழைந்தாள்.

கதிரையும் போர்த்துக்கேயர் விட்ட சொல்தான், ஆனால் ஸ்பானிய மொழியில் அதற்குச் சொல்வது சிய்யா. முதலாம் வாரத்தில் படித்த சொல். ஆனால் படத்தைக் கையளிப்பதற்கு முந்திய மத்தியானம் ரிப்கா காய்ச்சலோடு இருந்தாள். நூற்று அறுபது வரியில் எழுபது வரி மிச்சம். கதிரை என்று காதில் விழுந்ததும் கை தானாகக் கதேரா என்று எழுதியது. கணினி அதன் கீழே சிவப்புக் கோடு போடவில்லை. அப்படி ஒரு சொல் அந்த மொழியில் இருந்தது. அதற்குப் பொருள் இடுப்பு.

"அப்ப என்ன வருது?" என்று பிரியங்கினி கேட்டாள்.

"போகேக்க என்ர இடுப்பை உடைச்சுப்போட்டுப் போனவர். நான் அதைக் கயித்தால கட்டி வைச்சிருக்கிறன்."

பிரியங்கினி கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தாள்.

"அடுத்த ஷொட் குடம்."

"ஓம்."

"குடத்தோட சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பா."

"ஓம்."

"நான் எவ்வளவு வடிவா வெட்டியிருக்கிறன்."

அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

ரிப்கா மிச்சத்தையும் சொன்னாள். ஒன்பது நாளுக்கு முன் இனெஸ் தன்னுடைய பரிந்துரையின் பிரதியை அவளுக்கு அனுப்பியிருந்தார். மூன்று பக்கம். மூன்றும் அந்த ஒரு வரியைப் பற்றி. உடைக்கப்பட்ட இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமக்கும் பெண், அழாத முகம், கேள்வி கேட்காத கமரா. தெரிவுக் குழுவின் கடிதத்திலும் அந்த வரிதான் இருந்தது. குழு படத்தைப் பார்த்து எடுத்ததா, வரியைப் பார்த்து எடுத்ததா என்று ரிப்காவுக்குத் தெரியவில்லை.

இது வேறு யாருக்குத் தெரியும் என்று பிரியங்கினி கேட்டாள். ஒருத்தருக்கும் தெரியாது என்றாள் ரிப்கா. படத்துக்குப் புள்ளி போட்ட இரண்டாவது பரீட்சகருக்கும் தமிழ் தெரியாது.

பிரியங்கினி கோபப்படவில்லை. கோபப்பட உடம்பில் எதுவும் மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. போன கிழமை மனேஜரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாளாம். அவளுடைய இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பெடியன் வந்து, அறைத் திறப்புகளின் இலக்கம் படித்துக்கொண்டிருக்கிறானாம். இனி அங்கே திரும்பிப் போக ஏலாது. இதை வானிலை சொல்வது போலச் சொன்னாள்.

"குணேஸ்வரி அக்காக்கு ஸ்பானிஷ் தெரியாது" என்றாள். "மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. மனிசன் கட்டார்ல. நடுவில நீதான் இருக்கிறாய். பேசாம நடுவில இரு."

ரிப்கா பதில் சொல்வதற்குள் வாகனம் வந்தது.

இனெஸ் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது, வைக்கோல் தொப்பி, கணுக்காலில் நுளம்பு கடித்த தடிப்பு. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். சாரதி கேளாமலே கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டானாம். வெள்ளைக்காரர் எல்லோரும் அங்கேதான் போவார்கள், நீங்களும் பாருங்கள் என்றானாம். பார்த்ததாகச் சொன்னார். இருவரையும் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. ரிப்கா அதைப் பார்க்காமல் இருக்கத் தொப்பியைப் பார்த்தாள்.

கடை தகரக் கூரை, ஆட்கள் உட்கார இரண்டு நீள வாங்கு, ஒரு காஸ் அடுப்பு. குணேஸ்வரி நல்ல சேலை உடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் சாரத்தோடு குந்தியிருந்து வெங்காயம் உரித்தார். நரைத்த மீசை. கால்விரல் ஒன்றில் துணிக்கட்டு.

"இவர்தான் கதிர்காமத்தம்பி" என்றாள் குணேஸ்வரி. "கட்டார்ல இருந்து வந்திட்டார்."

பிந்தி வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. வந்து இரண்டு மாதமாம். ஒரு பையும் சீனி வருத்தமும் அதால் ஆறாத கால்விரலும் கொண்டு வந்தாராம். அவர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

இவர் யார் என்று இனெஸ் கேட்டார். ரிப்கா வாயைத் திறக்கும் முன் பிரியங்கினி ஸ்பானிய மொழியில் பதில் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர், கடையில் உதவி செய்பவர். ஹோட்டலில் அவள் பழகிய வேலை அது. கேள்வி வந்ததும் பதில் இருக்க வேண்டும்.

இனெஸ் குணேஸ்வரியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். குணேஸ்வரி விறைத்து நின்றாள், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றினாள். பிரியங்கினி கமராவை ஓட விட்டாள். இனெஸ் உட்காராமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: இப்போது எப்படி இருக்கிறது, இன்னும் வலிக்கிறதா?

"சுகமா இருக்கிறீங்களா, எங்கயும் நோ இருக்கா எண்டு கேக்கிறா" என்றாள் ரிப்கா.

"நோ எங்க பிள்ளை இல்ல? விடிய எழும்பினா முதுகு, முழங்கால், எல்லாம் நோதான்."

எல்லாம் வலிக்கிறதாம் என்று ரிப்கா ஸ்பானிய மொழியில் சொன்னாள். அது உண்மை. இனெஸ் தலையை ஆட்டினார். கண் கலங்கியது.

அடுத்த கேள்வி, அந்த மனிதர் எப்போதாவது மன்னிப்புக் கேட்டாரா என்பது. அவர் போனதைப் பற்றிப் பிறகு ஏதும் கதைத்தாரா என்று ரிப்கா அதைத் தமிழில் போட்டாள். குணேஸ்வரி வெங்காயப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"என்னத்தைக் கதைக்கிறது. வந்தார். சோத்தைப் போட்டன். திண்டார்."

அவர் ஒன்றும் கதைக்கவில்லையாம் என்றாள் ரிப்கா. பொய் சொல்லவில்லை. மூன்று வசனத்தை விட்டாள். படத்துக்கு எழுத்துப் போடுவதில் அதுதான் வழக்கம். இரண்டு வரி, வரிக்கு முப்பத்தேழு எழுத்து, மிச்சத்தை வெட்டு. இப்படியே பத்து நிமிடம் ஓட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்தாள். அக்குள் நனைந்திருந்தது.

"அந்த அம்மா நிண்டுகொண்டே கதைக்கிறா" என்றாள் குணேஸ்வரி. திரும்பி, "வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்களே, கதிரை ஒண்டு எடுத்துக் குடுங்கோவன்" என்றாள்.

கதிர்காமத்தம்பி எழுந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்தார். தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். வெளிநாட்டுக்காரரோடு கதைக்கும் உரத்த குரலில், "கதிரை, கதிரை" என்று சொல்லி அதன் இருக்கையைத் தட்டினார்.

இனெஸ் அவரைப் பார்த்தார்.

"கதேரா?" என்று கேட்டுத் தன்னுடைய இடுப்பில் கையை வைத்தார்.

கதிர்காமத்தம்பி இல்லையென்று தலையாட்டினார். மறுபடியும் தட்டினார். "கதிரை."

இருபது வருடம் ஒலியியல் படிப்பித்தவர் இனெஸ். இடுப்பில் வைத்த கையை எடுத்துப் பிளாஸ்டிக் முதுகில் வைத்தார். மெதுவாக, தனக்கே சொல்வது போல, "கதேரா" என்றார்.

"கதிரை" என்று கதிர்காமத்தம்பி திருத்தினார்.

"கெதியாப் பிடிக்கிறா" என்றாள் குணேஸ்வரி.

இனெஸ் ரிப்காவின் பக்கம் திரும்பினார். "சிய்யா" என்றார். அது கேள்வி அல்ல. ஓம் என்றாள் ரிப்கா. பிரியங்கினி கமராவை நிறுத்தினாள்.

இனெஸ் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். குணேஸ்வரி கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். சீனி கூடியிருந்தது தெரிந்தது, ஆனாலும் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, ஜெற்றி வரை நடப்போமா என்று ரிப்காவிடம் கேட்டார்.

வெயில் நேர் மேலே நின்றது. ஜெற்றிப் பலகையில் நடந்தார்கள். இனெஸ் சுருக்கமாகக் கேட்டார், ரிப்கா சுருக்கமாகச் சொன்னாள். எப்போதிருந்து தெரியும்? ஒன்பது நாளாக. என் கடிதத்தைப் படித்த பிறகா? ஓம். அந்த மனிதர்? புருஷன். பிரியங்கினிக்கு? இன்று காலை.

"அவர் அந்தக் கதிரையை ஏன் உடைத்தார்?" என்று இனெஸ் கேட்டார்.

"தெரியாது. நாங்கள் கேட்கவில்லை."

இனெஸ் நின்றார். கேள்வி கேட்காத கமரா என்று தான் எழுதியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார். அந்தச் சொல் பழைய ஸ்பானிய மொழியில் இருக்கையைத்தான் குறித்தது. பிறகு உட்காரும் இடத்திலிருந்து உட்காரும் உடம்புக்கு நகர்ந்துவிட்டது. பெரிய அகராதியில் பழைய வழக்கு என்ற குறிப்போடு அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. தேவைப்பட்டால் ஒருவர் அதைக் காட்டலாம். இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவர் போலத் தண்ணீரைப் பார்த்தார். எண்ணெய்ப் படலம் மெல்ல ஆடியது.

பிறகு மற்ற விஷயங்களையும் சொன்னார். மூன்று வருடமாக இந்தப் பாடத்திலிருந்து ஒருவரும் மேலே போகவில்லை. இந்த வருடம் புதிதாக ஆள் எடுக்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் கார்த்திகையில் முடிகிறது. பயமுறுத்தும் குரலில்லை. பஸ் நேரம் சொல்லும் குரல்.

எழுத்தைத் திருத்தி அனுப்பினால் என்ன ஆகும் என்று ரிப்கா கேட்டாள்.

இனெஸ் யோசித்தார். "அவர் போகும்போது கதிரையை உடைத்துவிட்டுப் போனார், நான் அதைக் கயிற்றால் கட்டினேன்" என்று சொல்லிப் பார்த்தார். "அதுவும் நல்ல வசனம்தான். ஆனால் அதற்கு நான் மூன்று பக்கம் எழுதியிருக்கமாட்டேன்."

அந்தத் தாளைப் பற்றி ரிப்கா கேட்டாள்.

"தாளில் நீ கையெழுத்து வைத்தால் நானும் வைப்பேன். திருத்தி அனுப்பினாலும் வைப்பேன். தமிழ் எனக்குத் தெரியாது, ரிப்கா. உனக்குத்தான் தெரியும்."

ஏழு வருடத்தில் அவர் ரிப்காவிடம் கடுமையாக ஒன்றும் சொன்னதில்லை. இதையும் கடுமையாகச் சொல்லவில்லை. ரிப்காவுக்கு எங்கேயாவது படுக்க வேண்டும் போல இருந்தது. எந்த இடமானாலும் சரி, நிழலாக இருந்தால் போதும்.

திரும்பி வரும்போது கடையில் ஆள் கூடியிருந்தது. குணேஸ்வரி படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எடுத்து இரண்டு வருடம், இன்னும் தன்னுடைய படத்தைத் தான் பார்க்கவில்லை, நாளைக்குச் செத்தாலும் பார்க்காமல் சாக வேண்டும் என்றாளாம். பிரியங்கினிக்கு மறுக்கத் தெரியவில்லை. மடிகணினியை வாங்கின் மேல், பணிஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ரிப்காவைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள்.

குணேஸ்வரி ஒரு வாங்கின் நடுவில் இருந்தாள். கதிர்காமத்தம்பி அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் இரண்டு பேரும் ஓட்டோக்காரன் ஒருவனும் பின்னால் நின்றார்கள். இனெஸ் மறுபடி சிவப்புக் கதிரையில் இருந்தார். ரிப்கா தூணோடு நின்றாள்.

படம் தொடங்கியது. வெயிலுக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. ஓட்டோக்காரன் தன்னுடைய முதுகால் வெயிலை மறைத்தான். திரையில் குணேஸ்வரி வந்தாள். வாங்கில் இருந்த குணேஸ்வரி சேலையைச் சரிசெய்தாள்.

"அப்ப நல்லா மெலிஞ்சுதான் இருந்திருக்கிறாய்" என்றார் கதிர்காமத்தம்பி.

"ஒரு ஆளுக்குச் சமைச்சா மெலியலாம்" என்றாள் அவள்.

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். திரையில் தேத்தண்ணி ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு நீளமாக விழுந்தது. பிரியங்கினி அந்த ஷொட்டை எத்தனை நாள் எடுத்தாள் என்பது ரிப்காவுக்கு நினைவு வந்தது. நாலு நாள். நல்ல படம்தான். எழுத்து இல்லாமல் பார்த்தால் நல்ல படம்.

ஆறாவது நிமிடம் வந்தது. திரையில் இருந்தவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள். கீழே வெள்ளை எழுத்து வந்து நின்று போனது.

கதிர்காமத்தம்பி துவாயால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பழியை என்னில போட்டிருக்கிறாள். அது உக்கின கதிரை. அலுமாரிக்கு மேல கிடந்த பெட்டியை எடுக்க ஏறினனான். அதின்ர கால் விட்டிட்டுது. நானும்தான் விழுந்தனான்."

"விழுந்தும் எழும்பிப் போனீங்கள்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டோக்காரன் சிரித்ததில் வெயில் திரையில் விழுந்தது. கதிர்காமத்தம்பிதான் கூடுதலாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கால்விரல் கட்டைத் தடவினார். இனெஸ் சிரிக்கவில்லை. அவர் இன்னும் திரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது வேறு வரி ஓடியது.

குணேஸ்வரி இனெஸைப் பார்த்தாள். பிறகு ஒரு கையை உயர்த்தினாள்.

"அதைத் திருப்பிப் போடுங்கோ பிள்ளை."

பிரியங்கினி ரிப்காவைப் பார்த்தாள். ரிப்கா திரையைப் பார்த்தாள். பிரியங்கினி சில விநாடி பின்னால் இழுத்து ஓட விட்டாள். போகேக்க கதிரையையும். இந்தத் தரம் குணேஸ்வரி தன்னுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அடியில் வந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தாள். ஒரு கறையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தாள். எழுத்து போனதும் இனெஸின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிவந்திருந்தது.

கையை நீட்டி அவளே விசையைத் தேடினாள். பிரியங்கினி படத்தை நிறுத்திக் கொடுத்தாள். திரையில் குடம் பாதி தூக்கியபடி நின்றது.

"நாங்க எல்லாரும் சிரிச்சம்" என்றாள் குணேஸ்வரி. "இந்த அம்மா வாசிச்சவா. சிரிக்கேல்ல."

கதிர்காமத்தம்பியும் நிமிர்ந்து ரிப்காவைப் பார்த்தார். மரியாதையாக, பரீட்சை எழுதிய பிள்ளையைப் பார்ப்பது போல. குணேஸ்வரி அவரைக் கையால் காட்டினாள்.

"அதில என்ன பிள்ளை எழுதியிருக்கு, இவர் என்னத்தை உடைச்சவரெண்டு?"